இந்த இடத்தில்தான்

இதுவரை நான் வாசித்ததிலேயே எடை கூடிய பிரதி ஐந்நூறு பவுண்டுக்கு மேல். கிலோவில் சொன்னால் சுமார் 227. மிசிசிப்பி மாநிலத்தில், டல்லஹாச்சி கவுண்டியில், ஆற்றங்கரையில் கிராபால் லேண்டிங் என்ற இடத்தில் நிற்கும் ஒரு அறிவிப்புப் பலகை அது. துப்பாக்கிக் குண்டு துளைக்காத எஃகில் செய்திருக்கிறார்கள். வாசிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை.

2022 மார்ச்சில் போனேன். அப்போது ஆன்சைட் வேலைக்காக மெம்ஃபிஸில் இருந்தேன். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமை காலையில் அவருடைய காரில் தெற்கே இறங்கினோம். மார்ச்சில் பருத்தி இருக்காது. இரண்டு பக்கமும் உழுது போட்ட மண்தான், கண்ணுக்கு எட்டிய வரை தட்டையாக. கடைசியில் தார் ரோடு முடிந்து சரளைக்கல் பாதை. ஆறு தெரிகிற இடத்தில் பலகை.

1955 ஆகஸ்ட் 28 அதிகாலையில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையனை அவனுடைய தாத்தா முறை உறவினர் வீட்டிலிருந்து தூக்கிப் போனார்கள். சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். மனி என்ற ஊரில் (ஆமாம், ஊரின் பெயரே பணம்தான்) ஒரு பெட்டிக்கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்பது குற்றச்சாட்டு. மூன்று நாள் கழித்து டல்லஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. பருத்தி அரவை ஆலையின் விசிறி ஒன்றை முள்கம்பியால் கழுத்தில் கட்டியிருந்தார்கள். அவனுடைய அம்மா மேமி டில் சவப்பெட்டியை மூடவிடவில்லை. என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்றார். அந்த முகத்தின் படம் ஜெட் பத்திரிகையில் வந்தது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் ஆற்றைப் பார்த்ததும் அழுதேன். அண்ணனும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் போனில் தேடிக்கொண்டே வந்தபோதுதான் தெரிந்தது. உடல் கிடைத்தது அந்த இடத்தில்தானா என்பது உறுதி இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, “அப்போ நாம அழுதது எந்த இடத்துக்கு தம்பி?” என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியால் வந்தது. அதற்குப் பிறகு அமெரிக்கச் சாலையோர வரலாற்றுப் பலகைகளை நான் ஓர் இலக்கிய வகைமையாகவே வாசிக்கத் தொடங்கினேன். சும்மா சொல்லவில்லை, அதற்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. வர்ஜீனியா மாநிலம் 1927இல் இதை முறையாகத் தொடங்கியது. மோட்டார் கார் வந்துவிட்ட காலம். ஓட்டுகிறவன் வண்டியை ஓரம்கட்டி, இன்ஜினை அணைக்காமல் வாசித்துவிட்டுப் போக வேண்டும். அதனால் நாலைந்து வாக்கியம்தான். இன்றைக்கு அந்த நாடு முழுக்க இப்படி ஒன்றரை லட்சத்துக்கு மேல் பலகைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் யாரும் கவனிக்காத கிராமப்புறக் கவுண்டிகளில் இருக்கும் என்பது என் ஊகம். எழுத ஒரே அதிகாரம் என்று ஏதும் கிடையாது. மாநில அரசு வைக்கும், தேவாலயம் வைக்கும், உள்ளூர்ச் சங்கம் வைக்கும். அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படையின் புகழைக் காக்கவென்றே தொடங்கிய மகளிர் அமைப்பு வைத்தவை ஏராளம். ஆனால் வார்ப்பிரும்பில் எழுத்து புடைத்து நின்றால் எல்லாமே ஒரே குரலாகத் தெரியும். ஆசிரியர் இல்லாத, தானாகவே உண்மையாகிவிட்ட குரல்.

நம்மிடம் கல்லில் எழுதி நிறுத்துகிற பழக்கம் உண்டு என்பதால் ஒரு சின்ன வசதி. செங்கம் பக்கத்து நடுகற்களில் எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், யார் கவர்ந்த தொறுவை மீட்கப் போனான் என்று வரிசையாக வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. கடைசியில் ஒரு வினைச்சொல்: ‘பட்டான்’. செத்தான் என்று பொருள். அங்கே பட்டவன் எழுவாய். யாரை எதிர்த்துப் பட்டான் என்பதும் பல கற்களில் உண்டு. பிற்காலத்தில் இதே ‘படு’ துணைவினையாகி ‘கொல்லப்பட்டான்’ என்று ஆனபோது ஒரு வசதி கிடைத்துவிட்டது. கொன்றவனைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். நாளிதழ் வாசிக்கிற எவருக்கும் இது தெரியும்.

அந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொண்ட பலகை லூசியானாவில் கிராண்ட் பாரிஷில் இருந்தது. அந்த மாநிலத்தில் கவுண்டியைப் பாரிஷ் என்பார்கள். கோல்ஃபாக்ஸ் என்ற சிறிய ஊர். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. தேர்தல் தகராறில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் சுற்றி வளைத்தது. சரணடைந்த பிறகு சுடப்பட்டவர்களே அதிகம். (பாருங்கள், நானும் ‘சுடப்பட்டவர்கள்’ என்று எழுதுகிறேன். சரணடைந்தவர்களை அந்தக் கூட்டம் சுட்டது.) செத்த கறுப்பினத்தவரின் எண்ணிக்கையை 60 முதல் 150 வரை கணிக்கிறார்கள். வெள்ளையரில் மூவர்.

1950இல் வைத்த பலகை இதை இரண்டே வாக்கியத்தில் சொன்னது. முதலாவது: இந்த இடத்தில் கோல்ஃபாக்ஸ் கலவரம் நடந்தது, அதில் மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் மாண்டனர். இரண்டாவது: தெற்கில் வந்தேறிகளின் முறைகேடான ஆட்சி இத்துடன் ஒழிந்தது. கலவரம் என்ற பெயர்ச்சொல் முதல் வேலையைச் செய்துவிடுகிறது. இரண்டு தரப்பும் கம்பெடுத்த மாதிரி ஆகிவிடும். மூவரை முதலில் சொல்லி 150 பேரைப் பின்னால் சொல்வது இரண்டாவது வேலை. கொன்றவர் என்று எவரும் வாக்கியத்தில் இல்லை. ஆனால் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது பலகையின் அடிவரிதான். அதை வைத்தது மாநிலத்தின் வணிக, தொழில் துறை. அதாவது இது சுற்றுலாப் பயணிக்கு எழுதிய விளம்பர வாசகம். எழுபது வருஷம் அங்கே நின்றது. 2021 மே மாதத்தில்தான் எடுத்தார்கள். 2023இல், அதே ஏப்ரல் 13 அன்று, புதிய நினைவுக்கல்லைத் திறந்தார்கள்.

அன்றிலிருந்து எந்தப் பலகையைப் பார்த்தாலும் அடிவரியைத்தான் முதலில் வாசிக்கிறேன்.

டல்லஹாச்சிக்கு வருகிறேன். இந்தக் கவுண்டிக்கு சார்ல்ஸ்டன், சம்னர் என்று இரண்டு தலைமையிடம். சம்னர் நீதிமன்றத்தில்தான் 1955 செப்டம்பரில் வழக்கு நடந்தது. பன்னிரண்டு ஜூரிகளும் வெள்ளை ஆண்கள். 67 நிமிடத்தில் குற்றவாளி அல்ல என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் சோடா குடிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஒரு ஜூரி சொன்னது பத்திரிகைகளில் வந்தது. அதன்பிறகு ஐம்பது வருஷம் அந்தக் கவுண்டியில் இதைப் பற்றி ஒரு பலகை கிடையாது. நீதிமன்றப் புல்வெளியில் தென்மாநிலப் படைவீரனின் சிலை மட்டும் இருந்தது. இப்போதும் இருக்கிறது, நாங்கள் அதன் நிழலில் நின்றுதான் சாண்ட்விச் சாப்பிட்டோம்.

2006இல் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரு நினைவுக் குழு அமைத்தார்கள். மறுவருஷம் அக்டோபர் 2 அன்று அந்த நீதிமன்ற வாசலில் டில் குடும்பத்தாரிடம் ஓர் அறிக்கை வாசித்தார்கள். அதில் ‘மன்னிப்பு’ என்று போடுவதா ‘வருத்தம்’ என்று போடுவதா என்று குழுவுக்குள் விவாதம் நடந்திருக்கிறது. எனக்கு இந்த மாதிரி விவாதங்கள்மேல் மரியாதை உண்டு. ஒரு சொல்லுக்காக எதிரெதிரே உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறவர்கள் அந்தச் சொல்லை நம்புகிறவர்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே இருக்கும் மாநில அரசுப் பலகை கோல்ஃபாக்ஸ் மாதிரி இல்லை. விடுதலையான இருவரின் பெயரையும் சொல்கிறது, ஜூரி முழுக்க வெள்ளையர் என்கிறது, பின்னால் இருவரும் ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டதையும் சொல்கிறது. நேர்மையான வாசகம். எனக்கு மனத்தாங்கல் கடைசி வாக்கியத்தில். இந்தக் கொலையும் தீர்ப்பும் சிவில் உரிமை இயக்கத்துக்கு உத்வேகம் தந்தன என்று முடிகிறது. தகவலாக அது சரிதான். ஆனால் இந்த வகைமையில் துயரப் பலகைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. செத்தது வீண்போகவில்லை என்று வாசகனைக் காருக்கு அனுப்பி வைக்கிறார்கள். 14 வயதுப் பையன் இயக்கத்துக்கு உதவுவதற்காக ஆற்றில் கிடக்கவில்லை.

இனி அண்ணனின் கேள்வி. இடம்.

இந்த வகைமையின் முதல் சொல் ‘இங்கே’. மற்றதெல்லாம் புத்தகத்திலும் இருக்கும். பலகைக்கு மட்டுமே உரியது அந்த ஒரு சொல்தான். டில் வழக்கில் அதுதான் ஆரம்பத்திலிருந்தே கலைந்து கிடக்கிறது. கன்சாஸ் பேராசிரியர் டேவ் டெல் 2019இல் ‘ரிமெம்பரிங் எம்மெட் டில்’ என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். மிசிசிப்பி டெல்டாவில் இந்தக் கொலையின் நினைவு எந்தெந்த இடத்தில், யாருடைய பணத்தில், எப்படி வந்து உட்கார்ந்தது என்பதைத் துருவித் துருவிப் பார்க்கும் புத்தகம். அதை வாசித்தபின்தான் எனக்கு வழக்கின் பூகோளம் புரிந்தது.

பையனைத் தூக்கியது லெஃப்ளோர் கவுண்டியில். அடித்தது பக்கத்து சன்ஃப்ளவர் கவுண்டியில், ட்ரூ என்ற ஊருக்கு அருகே ஒரு களஞ்சியக் கொட்டகையில். உள்ளேயிருந்து அலறல் கேட்டது என்று வில்லி ரீட் என்ற 18 வயது இளைஞர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். சொல்லிவிட்டு உயிருக்குப் பயந்து சிகாகோவுக்குப் போய்விட்டார். உடல் கிடைத்தது டல்லஹாச்சி கவுண்டியில். அந்தக் கவுண்டியின் ஷெரிஃப் ஸ்ட்ரைடர், குற்றம் என் எல்லைக்குள் நடந்தது என்று வழக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறி, அந்த உடல் யாருடையது என்றே சொல்ல முடியாது என்றார். இடம் எங்களுடையது, உடல் அவனுடையது என்று சொல்ல முடியாது. இதைவிடச் சுருக்கமாக ஒரு வழக்கைக் கொல்ல முடியுமா!

அடுத்தது 1956 ஜனவரியில் லுக் பத்திரிகையில் வில்லியம் பிராட்ஃபோர்ட் ஹூயி எழுதிய கட்டுரை. விடுதலையான மைலம், பிரையண்ட் இருவருக்கும் காசு கொடுத்து வாங்கிய வாக்குமூலம் அது. ஒரே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது என்பதால் துணிந்து பேசினார்கள். ஆனால் உடனிருந்த மற்றவர்கள்மேல் வழக்கு வரலாம். கொட்டகையைச் சொன்னால் அவர்களையும் சொல்ல வேண்டிவரும், ஏனென்றால் அந்தக் கொட்டகையை வைத்திருந்தது மைலமின் சகோதரன். அதனால் கட்டுரையில் கொட்டகையே இல்லை, கொலை ஆற்றங்கரைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அமெரிக்கா பல பத்தாண்டுகள் அதை நம்பியது. சன்ஃப்ளவர் கவுண்டி இந்தக் கதையின் வரைபடத்திலிருந்தே விழுந்துவிட்டது, கொட்டகைக்கு நீண்ட காலம் ஒரு பலகையும் கிடையாது. மனி ஊரில் அந்தப் பெட்டிக்கடை இடிந்து செடி முளைத்துக் கிடக்க, அடுத்த கட்டடமான பழைய பெட்ரோல் நிலையத்தை இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சிவில் உரிமை நினைவு மானியம் வாங்கிப் பளபளவென்று புதுப்பித்திருக்கிறார்கள். அதன் திண்ணையில் உட்கார்ந்து மக்கள் அந்த வழக்கைப் பேசியிருப்பார்களாம். மானிய விண்ணப்பத்தில் எழுதக்கூடிய காரணம்தான்.

கிராபால் லேண்டிங்கில் முதல் பலகை 2008இல் வந்தது. யாரோ பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். அடுத்ததைச் சுட்டுச் சல்லடையாக்கினார்கள். அதில் 317 துளைகள். 2021இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அப்படியே காட்சிக்கு வைத்தார்கள். மூன்றாவதை 2018 ஜூனில் நட்டார்கள், 35 நாளில் குண்டு பாய்ந்தது. அதன் முன்னால் மூன்று கல்லூரி மாணவர்கள் துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டு எடுத்த படம் 2019இல் செய்தியானது. அந்த வருஷ அக்டோபரில்தான் நான் பார்த்த எஃகுப் பலகையும் கூடவே கண்காணிப்புக் கேமராக்களும் வந்தன. முந்திய பலகைகளுக்கு நேர்ந்ததும் இப்போது அதன் வாசகத்தில் இருக்கிறது.

டெல் போன்றவர்களின் வாதம், சுருக்கமாக, இதுதான்: உடல் அங்கே கிடைத்ததா என்பது ஒருபக்கம் இருக்கட்டும், இத்தனை வருஷம் சுட்டும் எறிந்தும் நட்டும் அந்த இடம் நினைவின் இடமாகிவிட்டது. முதலில் வாசித்தபோது எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஓர் இலக்கிய வாசகனுக்குப் பிடிக்கும்தான், பிரதியை வாசகர்கள் எழுதி முடிப்பது மாதிரி. அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். “அதாவது சுட்டவனுங்க சர்டிஃபிகேட் குடுத்துட்டானுங்க, இடம் இதுதான்னு. அப்படித்தானே?” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஓர் இடத்தை உண்மையாக்குகிற அதிகாரத்தைத் துப்பாக்கிக்குக் கொடுப்பது, ஷெரிஃபின் அதிகாரத்தை அவர் வாரிசுகளுக்குக் கொடுப்பதுதான்.

2023 ஜூலை 25 அன்று, டில் உயிரோடிருந்தால் 82 வயது ஆகியிருக்கும் நாளில், இந்த ஆற்றங்கரை, சம்னர் நீதிமன்றம், சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயம் மூன்றையும் சேர்த்துத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். கிராபால் லேண்டிங்கைக் குறிக்க அதிகாரபூர்வமாகக் கையாளும் தொடர், ‘உடல் கிடைத்ததாக நம்பப்படும் இடம்’. பொய் சொல்லவில்லை, அதற்கு நன்றி. ஆனால் மறுபடியும் அந்தப் ‘படு’. யார் நம்புகிறார்கள்? ஏன் நம்ப வேண்டியதாயிற்று? ஒரு கொலை வழக்கில் உடலை எடுத்த இடம் தெரியாமல் போவது இயற்கைச் சீற்றம் இல்லை. உடலை முதலில் பார்த்தது மீன்பிடிக்கப் போன ஒரு பதின்ம வயதுப் பையன். ஷெரிஃபின் ஆட்கள் வந்து எடுத்தார்கள். அந்த இடத்துக்கு ஓர் அடையாளம் நட்டுவைக்க அன்றைக்கு அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை. எடுத்த உடலை அந்தப் பகல் முடிவதற்குள் புதைத்துவிடவே பார்த்தார்கள். மேமி டில் விடாமல் போராடியதால்தான் உடல் சிகாகோ போனது.

பலகையில் நான் வாசிக்க விரும்புவது அதைத்தான். ‘நம்பப்படும்’ என்ற சொல் வரும் இடத்தில், இந்தக் கவுண்டி இடத்தைக் குறித்துவைக்கவில்லை என்று ஒரு வரி. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. அந்த ஒரு வரிக்கு எஃகில் இடம் இருக்கிறது. அடிவரியில் கவுண்டியின் பெயரும் வந்தால் இன்னும் நல்லது.

என் தொழில் பழக்கத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பலகைகளையெல்லாம் தொகுக்கும் ஒரு பெரிய இணையத் தரவுத்தளம் இருக்கிறது, 2006இலிருந்து தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். நானும் இரவில் அதில் மேய்கிற ஆள். ஒவ்வொரு பலகைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. அது பலகை நிற்கும் இடம், சம்பவம் நடந்த இடம் அல்ல. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே புள்ளிதான். நாங்களும் இப்படித்தான் டேபிள் வடிவமைப்போம், ஒரு இடத்துக்கு ஒரு புள்ளி. ‘தெரியாது, தெரியாததற்குக் காரணம் இது’ என்று ஒரு காலம் வைக்கலாமா என்று நான் ஒரு டிசைன் மீட்டிங்கில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியும்.

அண்ணன் இப்போது ஊருக்கே திரும்பிவிட்டார். அன்று ஆற்றங்கரையில் அவர் என்னை ஒரு படம் எடுத்தார். பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறேன், முகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. படத்தின் விவரத்தைத் திறந்தால் இடம் ஆறு தசமத்துடன் இருக்கிறது. ஆறு தசமம் என்றால் 11 சென்டிமீட்டர் துல்லியம், ஒரு சாண்கூட இல்லை.